வயலில் பிறந்து வானில் சிதையும் நைட்ரஸ் ஆக்சைடு

பயிருக்குத் தேவையான பேரூட்டச் சத்துக்களில் முதலிடம் பெறுவது தழைச்சத்து. அதை நாம் பெரும்பாலும் யூரியாவாக இடுகிறோம். 45 கிலோ எடையுள்ள ஒரு மூட்டை யூரியாவில் 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ தழைச்சத்து உள்ளது. இதில் பயிர் எடுத்துக்கொள்வது எவ்வளவு? நன்செய் நெல்லில் பொதுவாக 30 முதல் 40 சதவீதம்தான். மீதியில் ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது. ஒரு பகுதி பாசன நீரோடு கீழே இறங்கி விடுகிறது. ஒரு பகுதி அம்மோனியாவாகவும் நைட்ரஜன் வாயுவாகவும் மாறிக் காற்றில் போய்விடுகிறது. மிகச் சிறிய பகுதி ஒன்று நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவாக வெளியேறுகிறது.

அளவில் சிறியதானாலும் இந்த வாயுவைப் பற்றித் தனியே எழுத வேண்டிய அவசியம் உண்டு. அம்மோனியா பெரும்பாலும் சில நாட்களுக்குள் மழையோடும் பனியோடும் மண்ணுக்கே திரும்பி விடும். நைட்ரஜன் வாயு காற்றில் ஏற்கெனவே ஐந்தில் நான்கு பங்கு இருக்கிறது. அது மேலும் சிறிது கூடுவதால் தீங்கில்லை. நைட்ரஸ் ஆக்சைடு அப்படிப்பட்டதன்று. வயலை விட்டு வெளியேறிய பின் மழை அதைக் கரைத்துக் கொண்டுவருவதில்லை. வெயில் அதை அழிப்பதில்லை. தரையிலிருந்து 25 முதல் 40 கிலோமீட்டர் உயரத்தில், சூரியனின் புற ஊதாக் கதிர் நேரே படும் இடத்தில்தான் அது பெரும்பாலும் சிதைகிறது. அவ்வாறு சிதைவதற்குச் சராசரியாக 116 ஆண்டுகள் ஆகின்றன என்று கணக்கிட்டுள்ளனர். இந்தப் பட்டத்தில் நாம் இட்ட மேலுரத்திலிருந்து கிளம்பும் வாயுவில் பாதிக்கு மேல், நம் பேரப்பிள்ளைகள் உழவு செய்யும் காலத்திலும் காற்றில் இருக்கும்.

இந்த வாயு மண்ணில் எப்படி உண்டாகிறது, புற ஊதாக் கதிர் அதை எவ்வாறு உடைக்கிறது, உடையும்போது ஓசோனுக்கு நேர்வது என்ன, வயலிலேயே இதைக் குறைக்க நாம் செய்யக்கூடியவை யாவை என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நைட்ரஸ் ஆக்சைடு என்பது யாது?

இரண்டு நைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரே நேர்க்கோட்டில் சேர்ந்தமைந்த வாயு இது. நிறம் கிடையாது; சிறிது இனிப்பு மணம் உண்டு. இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி 1772-ஆம் ஆண்டில் இதைக் கண்டறிந்தார். 1799-இல் ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞர் இதைத் தாமே சுவாசித்துப் பார்த்தார். சிரிப்பும் மயக்கமும் தரவே, இதற்குச் 'சிரிப்பு வாயு' என்ற பெயர் வந்தது. பல் பிடுங்கும்போதும் அறுவை சிகிச்சையின்போதும் மயக்கம் கொடுக்க மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தி வந்துள்ளனர்.

வயலிலிருந்து வருவது மிகக் குறைந்த செறிவில் வருவதால் நம் மூக்குக்கோ கண்ணுக்கோ தெரியாது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்பு காற்றின் நூறு கோடிப் பங்கில் நைட்ரஸ் ஆக்சைடு ஏறக்குறைய 270 பங்கு இருந்தது. 2023-ஆம் ஆண்டில் இது 336.9 பங்காக உயர்ந்துவிட்டது என உலக வானிலை அமைப்பு தெரிவித்துள்ளது. பார்வைக்கு இது சொற்பமே. ஆனால், பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் ஆற்றல் இதற்கு மிகுதி. நூறு ஆண்டுக் காலக் கணக்கில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

மண்ணில் உண்டாகும் விதம்

யூரியாவை வயலில் இட்டவுடன், மண்ணிலுள்ள யூரியேஸ் என்னும் நொதி அதை அம்மோனியமாக மாற்றுகிறது. இதற்குச் சில நாட்களே போதும். காற்றோட்டமுள்ள மண்ணில் நைட்ரசோமோனாஸ் முதலிய பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரைட்டாக மாற்ற, நைட்ரோபாக்டர் முதலியவை அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்த மாற்றத்தின் இடையே சிறிதளவு நைட்ரஸ் ஆக்சைடு கசிந்து வெளிவரும்.

பெரிய அளவில் அது வெளிவருவது அடுத்த கட்டத்தில்தான். நைட்ரேட் மண்ணில் நிறைந்திருக்கும்போது பெருமழை பெய்தாலோ, அதிகமாக நீர் பாய்ச்சினாலோ, மண் துளைகளில் நீர் நிரம்பிக் காற்று குறைகிறது. அப்போது ஆக்சிஜன் கிடைக்காத வேறு சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவாசிக்கின்றன. நைட்ரேட் நைட்ரைட்டாகிறது, பின்பு நைட்ரிக் ஆக்சைடாகிறது, அதன் பின் நைட்ரஸ் ஆக்சைடாகிறது, இறுதியில் கேடற்ற நைட்ரஜன் வாயுவாகிறது. இதனை நைட்ரேட் சிதைவு எனலாம்.

இந்தக் கடைசிப் படியை உழவர்கள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு நைட்ரஜனாக மாறும் வரை மண்ணுக்குள் தங்கிவிட்டால் சத்து இழப்பு நேர்ந்தாலும் காற்றுக்குக் கேடில்லை. படி முடியும் முன்னரே வெளியேறிவிட்டால்தான் தொல்லை. எந்த மண்ணில் படி முடியாமல் நின்றுவிடுகிறது?

1. மண் துளைகளில் 60 முதல் 80 சதவீதம் வரை நீர் நிரம்பி, முழுதும் நனையாமலும் முழுதும் காயாமலும் இருக்கும் மண்.

2. பயிர் எடுத்துக்கொள்ளக்கூடியதைவிட அதிகமாக நைட்ரேட் தேங்கியிருக்கும் மண்.

3. அமிலத் தன்மையுள்ள மண். கடைசிப் படியை முடிக்கும் நொதி அமில மண்ணில் சரிவர வேலை செய்வதில்லை. நீலகிரி போன்ற மலைப் பகுதிகளில் இதைக் கவனிக்க வேண்டும்.

எப்போதும் நீர் கட்டிய நெல் வயலில் கடைசிப் படி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எனவே அங்கு நைட்ரஸ் ஆக்சைடு குறைவு. மக்காச்சோளம், கரும்பு, பருத்தி, மஞ்சள் போன்ற தோட்டக்கால் பயிர்களில், யூரியா இட்ட ஒன்றிரண்டு வாரங்களுக்குள் வயலை நிறைய நனைக்கும்போது இது அதிகமாகக் கிளம்பும்.

வெயிலில் சிதையாதது ஏன்?

'சித்திரை வெயிலில் மண்கட்டியே பிளக்கிறது. இந்த வாயு சிதையாதா?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே.

சூரிய ஒளியில் பலவகைக் கதிர்கள் உள்ளன. நம் கண்ணுக்குத் தெரிவது வானவில்லில் காணும் ஏழு நிறங்கள் மட்டுமே. இவற்றின் அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை இருக்கும். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். ஊதா நிறத்துக்கும் அப்பால், 400 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளத்தில், கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவை புற ஊதாக் கதிர்கள். அலைநீளம் குறையக் குறையக் கதிரின் ஒவ்வொரு துகளிலும் அடங்கிய ஆற்றல் கூடும்.

ஒளி ஒரு வாயுவை உடைக்க வேண்டுமானால் அந்த வாயு முதலில் அந்த ஒளியை உட்கொள்ள வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியை உட்கொள்வதே இல்லை. கண்ணாடியில் வெளிச்சம் புகுந்து போவதுபோல அது இந்த வாயுவினூடே போய்விடுகிறது. ஏறக்குறைய 240 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரைத்தான் இது உட்கொள்ளத் தொடங்குகிறது. 180 நானோமீட்டர் அளவில் மிக நன்றாக உட்கொள்கிறது.

தேங்காய் உரிப்பதை எண்ணிப் பாருங்கள். மட்டையைக் கையால் ஆயிரம் முறை தட்டினாலும் அது உரியாது. கடப்பாரையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தித் திருகினால் பிரிந்து வந்துவிடும். ஆயிரம் மெல்லிய தட்டுகளைச் சேர்த்து ஒரு குத்தாக்க முடியாது. சித்திரை மாதத்து வெயிலில் எத்தனையோ கோடி ஒளித்துகள்கள் வந்து விழுந்தாலும் அவை கைத்தட்டுகளே. கடப்பாரைக் குத்துப் போன்ற குற்றலைக் கதிர் தரைக்கு வருவதில்லை.

அக்கதிர் வராமல் தடுப்பவை இரண்டு வேலிகள். ஒன்று காற்றிலுள்ள ஆக்சிஜன், மற்றொன்று ஓசோன். ஆக்சிஜன் 200 நானோமீட்டருக்குக் குறைந்த கதிர்களை வெகுவாக உறிஞ்சிக்கொள்கிறது. ஓசோன் 200-க்கு மேல் ஏறத்தாழ 300 வரையுள்ள கதிர்களை உறிஞ்சுகிறது. இரண்டு வேலிகளும் சந்திக்கும் இடத்தில், அதாவது 190 முதல் 220 நானோமீட்டர் வரை, ஒரு சிறு சந்து உண்டு. வேலிச் சந்தில் ஆடு நுழைவதுபோல இந்தச் சந்து வழியே சிறிதளவு கதிர் கீழே நுழைகிறது. அதுவும் 20 கிலோமீட்டர் உயரத்தை நெருங்குவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. ஆகவே நைட்ரஸ் ஆக்சைடு மேலே போய்த்தான் இந்தக் கதிரைச் சந்திக்க வேண்டும்.

மேலே போகும் வழி

நாம் வாழும் கீழ்க்காற்று மண்டலத்தில் மேகமும் மழையும் காற்றும் எல்லாவற்றையும் கலந்துவிடுகின்றன. நம் வயலில் கிளம்பிய வாயு ஓரிரு ஆண்டுகளுக்குள் உலகெங்கும் பரவிவிடுகிறது. ஆனால், வெப்ப மண்டல நாடுகளின் மேலே சுமார் 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் எல்லை இருக்கிறது. அதற்கு மேலுள்ளது அடுக்கு மண்டலம். அங்கே மேலே போகப்போக வெப்பநிலை கூடுவதால் காற்று அடுக்கடுக்காக நிற்கிறது, எளிதில் மேலெழுவதில்லை.

அடுக்கு மண்டலத்துக்குள் கீழ்க்காற்று பெரும்பாலும் நில நடுக்கோட்டை ஒட்டிய வெப்ப மண்டலப் பகுதிகளில்தான் நுழைகிறது. அங்கிருந்து மிக மெதுவாக மேலெழுந்து, பிறகு துருவங்களை நோக்கி நகர்ந்து, மீண்டும் கீழிறங்குகிறது. இந்த ஒரு சுற்றுக்கே சில ஆண்டுகள் ஆகும். மேலும், 30 கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். எனவே எந்த நேரத்திலும் மொத்த நைட்ரஸ் ஆக்சைடில் மிகச் சிறு பகுதியே கதிர் படும் உயரத்தில் இருக்கும்.

இதை நம் நாட்டிலும் அளந்து பார்த்துள்ளனர். ஐதராபாத்தில் உள்ள பலூன் நிலையத்திலிருந்து 1980, 1990-ஆம் ஆண்டுகளை ஒட்டிய காலங்களில் பெரிய பலூன்களைப் பறக்கவிட்டு, பல உயரங்களில் காற்றைப் பிடித்துவந்து, அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். இத்தகைய அளவீடுகள் உலகின் பல இடங்களிலும் ஒரே செய்தியைத்தான் கூறுகின்றன. தரையிலிருந்து 16 கிலோமீட்டர் வரை நைட்ரஸ் ஆக்சைடின் செறிவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. அதற்கு மேல் குறையத் தொடங்கி, 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் விரைவாகக் குறைகிறது. கீழே சிதைவு இல்லை, மேலேதான் சிதைவு நடக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

கதிர் உடைக்கும் விதம்

கதிர் படும் உயரத்தை அடைந்த நைட்ரஸ் ஆக்சைடு மூலக்கூறு ஓர் ஒளித்துகளை உட்கொள்கிறது. நேராக இருந்த மூலக்கூறு அந்த வேகத்தில் வளைகிறது. கடைக்கோடியில் இருக்கும் ஆக்சிஜன் அணு முறிந்து தனியே பாய்கிறது. எஞ்சிய இரண்டு நைட்ரஜன் அணுக்களும் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொண்டு நைட்ரஜன் வாயுவாகப் பிரிகின்றன. மண்ணில் பாக்டீரியா முடிக்காமல் விட்ட கடைசிப் படியை இவ்வாறு வானத்தில் கதிர் முடித்து வைக்கிறது. பாக்டீரியா சில மணி நேரத்தில் முடித்திருக்கக்கூடியதை முடிக்க இங்கு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது!

சிதையும் ஒவ்வொரு பத்து மூலக்கூறுகளிலும் ஏறக்குறைய ஒன்பது இவ்வாறு கதிரால் நேரே உடைகின்றன. மீதி ஒன்று வேறு வழியில் அழிகிறது. முறிந்து பாயும் ஆக்சிஜன் அணு மிகுந்த ஆற்றலோடு இருக்கும். ஓசோன் மீது புற ஊதாக் கதிர் படும்போதும் இதே வகை அணு உண்டாகிறது. உண்மையில் பெரும்பகுதி அப்படித்தான் உண்டாகிறது. இந்த அணுக்களில் மிகப் பல, காற்றிலுள்ள மற்ற மூலக்கூறுகளோடு மோதித் தணிந்துவிடும். சில மட்டும் வேறொரு நைட்ரஸ் ஆக்சைடு மூலக்கூறின் மேல் மோதும். அப்படி மோதுவதில் பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றில் இரண்டு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகள் பிறக்கின்றன. மற்றவற்றில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கிடைக்கின்றன.

ஓசோனுக்கு நேர்வது

இந்தச் சிறு அளவு நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தாக்கும். மூன்று ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட ஓசோனிலிருந்து ஓர் அணுவைப் பறித்து நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறும். பிறகு அந்த அணுவை இன்னோர் ஆக்சிஜன் அணுவிடம் கொடுத்துவிட்டு மீண்டும் நைட்ரிக் ஆக்சைடாகவே திரும்பும். தான் தீராமல் திரும்பத் திரும்ப ஓசோனைக் குறைத்துக்கொண்டே போவதால், ஒரு மூலக்கூறு பல ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கிறது. இறுதியில் அது நைட்ரிக் அமிலமாக மாறிக் கீழ்க்காற்றுக்கு இறங்கி, மழையில் கரைந்து மண்ணுக்கு வருகிறது.

இந்தச் சுழற்சியை 1970-இல் எடுத்துக்கூறியவர் ஹாலந்து நாட்டில் பிறந்த பால் குருட்சன். மண் பாக்டீரியாக்கள் வெளியிடும் ஒரு வாயு வானத்து ஓசோனின் அளவைத் தீர்மானிக்கிறது என்று அவர் காட்டியது அறிவியல் உலகுக்குப் புதுமையாக இருந்தது. ஓசோன் பற்றிய ஆராய்ச்சிக்காக மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் ஆகியோருடன் அவருக்கு 1995-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஓசோனை அழிக்கும் குளோரோ ஃபுளூரோ கார்பன் வாயுக்களைக் கட்டுப்படுத்த 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் பயனாக அவ்வாயுக்களின் உற்பத்தி வெகுவாகக் குறைந்து, ஓசோன் படலம் சிறிது சிறிதாகத் தேறி வருகிறது. நைட்ரஸ் ஆக்சைடு அந்த உடன்படிக்கையின் பட்டியலில் இல்லை. 2009-இல் இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி ஏ. ஆர். ரவிசங்கராவும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்கை வெளியிட்டனர். இனி மனிதர்களால் வெளியிடப்படும் ஓசோனைக் குறைக்கும் வாயுக்களில் நைட்ரஸ் ஆக்சைடே முதலிடம் பெறுகிறது என்பது அதன் முடிவு. ஓசோன் குறைந்தால் தரைக்கு வரும் புற ஊதாக் கதிர் கூடும். நாள் முழுதும் வெயிலில் நிற்கும் உழவருக்கும் அவர் வளர்க்கும் பயிருக்கும் அது நல்லதன்று.

ஏரியும் மதகும்

காற்றிலுள்ள நைட்ரஸ் ஆக்சைடை ஒரு பெரிய ஏரியாக எண்ணிக்கொள்வோம். தழைச்சத்துக் கணக்கில் இந்த ஏரியின் இருப்பு சுமார் 160 கோடி டன். கதிர் உடைக்கும் இடமே இதன் ஒரே மதகு. அதன் வழியே ஆண்டுக்கு ஏறத்தாழ 135 லட்சம் டன் வெளியேறுகிறது. 160 கோடியை 135 லட்சத்தால் வகுத்தால் கிடைப்பது 118. முன்பு கூறிய 116 ஆண்டுகளுக்கு இது ஒத்திருப்பதைக் காணலாம்.

வரத்து எவ்வளவு? 2007 முதல் 2016 வரையிலான ஆண்டுகளுக்குக் கணக்கிட்டதில், ஆண்டுக்கு ஏறக்குறைய 170 லட்சம் டன். காடு, கடல் முதலிய இயற்கை மூலங்களிலிருந்து வருவது இதில் பாதிக்குச் சற்று மேல். மீதி மனிதச் செயல்களால் வருவது. அதில் பாதிக்கு மேல் வேளாண்மையால் வருவது. வரத்து போக்கைவிட மிகுதியாக இருப்பதால் ஏரி ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போகிறது. மதகை அகலப்படுத்த எவராலும் முடியாது. சூரியனின் கதிரும் வானத்துக் காற்றோட்டமும் நம் கையில் இல்லை. வரத்தைக் குறைப்பதுதான் நம் கையில் இருக்கிறது. அந்த வரத்து வாய்க்காலின் ஒரு கிளை நம் வயலிலிருந்து தொடங்குகிறது.

ஒரு சிறு கணக்கு

100 கிலோ தழைச்சத்து என்பது ஏறக்குறைய 217 கிலோ யூரியா. அதாவது 45 கிலோ மூட்டைகளில் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. இட்ட தழைச்சத்தில் பொதுவாக ஒரு சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் என்று பன்னாட்டுக் கணக்கீடுகளில் கொள்ளப்படுகிறது. எனவே போகும் தழைச்சத்து ஒரு கிலோ. அதனோடு ஆக்சிஜன் சேர்வதால் உண்டாகும் நைட்ரஸ் ஆக்சைடு 1.57 கிலோ. வெப்பத்தைப் பிடிக்கும் ஆற்றலில் இது சுமார் 430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

ஒரு கிலோ தழைச்சத்துக்காகக் கவலைப்பட வேண்டுமா என்று தோன்றலாம். இந்த ஒரு கிலோ தனியே போவதில்லை. எந்த நிலைமையில் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்புகிறதோ அதே நிலைமையில் அதைவிடப் பல மடங்கு தழைச்சத்து நைட்ரஜன் வாயுவாகவும் நீரோடு இறங்கும் நைட்ரேட்டாகவும் போய்க்கொண்டிருக்கும். ஆகவே நைட்ரஸ் ஆக்சைடைக் குறைக்கும் முறைகள் யாவும் உரச் செலவையும் குறைக்கும் முறைகளே.

உழவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

1. மண் பரிசோதனை: மண் பரிசோதனை செய்து அதன் பரிந்துரைப்படி மட்டும் தழைச்சத்து இட வேண்டும். பக்கத்து வயலில் கரும்பச்சையாகத் தெரிகிறது என்பதற்காக ஒரு மூட்டை கூடுதலாக இட வேண்டாம். பயிர் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு மேல் இடும்போது வாயு இழப்பு மிக வேகமாகக் கூடுகிறது.

2. பகிர்ந்திடுதல்: தழைச்சத்து முழுவதையும் ஒன்றிரண்டு தவணைகளில் கொட்டாமல், பயிரின் வளர்ச்சிக்கேற்பப் பல தவணைகளாகப் பிரித்து இட வேண்டும். வேர் எடுத்துக்கொள்ளும் வேகத்தில் சத்துக் கிடைத்தால் நைட்ரேட் மண்ணில் தேங்காது.

3. இலை வண்ண அட்டை: நெல்லில் நடவு செய்த 14-ஆம் நாள் முதல் பூக்கும் வரை வாரம் ஒரு முறை இலையின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். காலை 8 முதல் 10 மணிக்குள், நோய் தாக்காத பத்துக் குத்துகளில், மேலிருந்து மூன்றாவதாக முழுதும் விரிந்த இலையைப் பார்க்க வேண்டும். இலை மீது வெயில் படாதவாறு உடம்பால் மறைத்துக்கொள்வது அவசியம். பத்தில் ஆறு இலைகளுக்கு மேல் உரிய எண்ணுக்குக் குறைந்திருந்தால் மட்டும் மேலுரம் இட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு உரிய எண் 3. மற்ற இரகங்களுக்கு 4.

4. வேப்பம்பிண்ணாக்கு: வேம்பிலுள்ள பொருட்கள் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துகின்றன. நம் நாட்டில் 2015-இல் மானிய யூரியா முழுவதையும் வேப்பெண்ணெய் பூசியே தயாரிக்க வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட்டது. நெல்லுக்கு மேலும் பயன்பெற, யூரியா, ஜிப்சம், வேப்பம்பிண்ணாக்கு ஆகியவற்றை 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து, ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் இடலாம்.

5. நீர் நிர்வாகம்: தோட்டக்கால் பயிர்களில் யூரியாவைச் செடியின் அருகே இட்டு மண்ணால் மூடி, அளவாக நீர் பாய்ச்ச வேண்டும். பாத்தியில் நீர் தேங்கக் கூடாது. வடிகால் வசதி வேண்டும். பெருமழை வரும் அறிகுறி இருந்தால் மேலுரத்தைச் சில நாட்கள் தள்ளிப் போடுவது நல்லது.

6. சொட்டு நீர் வழி உரமிடல்: கரும்பு, வாழை, மஞ்சள், காய்கறிப் பயிர்களில் சொட்டு நீரோடு சிறிது சிறிதாக உரம் கொடுத்தால், மண் ஒருபோதும் மிதமிஞ்சி நனைவதில்லை, நைட்ரேட்டும் குவிவதில்லை.

7. பசுந்தாள் உரம்: தக்கைப்பூண்டு, சணப்பை போன்றவற்றை மடக்கி உழுத வயலில், அவை தரும் தழைச்சத்தைக் கணக்கில் கொண்டு யூரியாவைக் குறைக்க வேண்டும். மடக்கி உழுவதோடு முழு அளவு யூரியாவையும் இட்டால் இழப்பே மிஞ்சும்.

8. அமில மண்: மண் பரிசோதனை முடிவுப்படி சுண்ணாம்பு இட்டு அமிலத் தன்மையைத் திருத்தினால், பாக்டீரியாக்கள் கடைசிப் படியையும் மண்ணிலேயே முடிப்பதற்கு வழி ஏற்படும்.

உழவர்கள் கேட்கக்கூடிய சில ஐயங்கள்

கேள்வி: நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் நைட்ரஸ் ஆக்சைடு கூடுமா?

பதில்: சிறிது கூடும். ஆனால், நீர் கட்டிய வயலில் உண்டாகும் மீத்தேன் வாயு வெகுவாகக் குறைகிறது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் பெரும்பாலும் நன்மையே மிகுதி, நீரும் மிச்சமாகிறது. ஆகவே இம்முறையைக் கைவிட வேண்டியதில்லை. வயலில் பதித்த குழாயில் நீர்மட்டம் தரைக்குக் கீழ் 15 சென்டிமீட்டர் இறங்கியதும் நீர் பாய்ச்சலாம். காய்ந்த நிலையில் யூரியாவை இட்டு உடனே நீர் கட்டினால் உரம் மண்ணுக்குள் இறங்கும். உரமிட்ட கையோடு மீண்டும் வயலைக் காயவிட வேண்டாம்.

கேள்வி: தொழு உரத்திலிருந்தும் இந்த வாயு வருமா?

பதில்: வரும். தழைச்சத்து எந்த வடிவில் வந்தாலும் பாக்டீரியாவுக்கு வேறுபாடு இல்லை. நன்கு மக்கிய தொழு உரத்தையே இட வேண்டும். திறந்த வெளியில் குவித்து மழையில் நனையவிட்டால் சத்தும் வீணாகும், வாயுவும் கிளம்பும்.

கேள்வி: மரம் வளர்த்தால் இந்த வாயு குறையாதா?

பதில்: மரம் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும், நைட்ரஸ் ஆக்சைடை அவ்வாறு எடுத்துக்கொள்வதில்லை. மரம் வளர்ப்பது நல்லதே. ஆனால், யூரியாவை அளவாக இடுவதற்கு அது மாற்றாகாது.

கேள்வி: இதற்காக யூரியாவே இடாமல் விட்டுவிடலாமா?

பதில்: அவ்வாறு கூறவில்லை. பயிருக்குத் தழைச்சத்து இன்றியமையாதது. அதைக் குறைத்து விளைச்சலை இழக்க வேண்டியதில்லை. பயிர் உண்ணாமல் வீணாகும் பங்கைக் குறைக்கவே கூறுகிறோம்.

முடிவுரை

வயலில் பிறக்கும் நைட்ரஸ் ஆக்சைடைப் புற ஊதாக் கதிர் உடைத்துவிடும் என்பது உண்மையே. ஆனால், அந்த வேலை நடக்கும் இடம் நமக்கு 30 கிலோமீட்டர் மேலே; ஆகும் காலமோ நம் ஆயுளுக்கும் மேல். போகிற வழியில் அது பூமியைச் சூடாக்குகிறது. சிதையும்போது ஒரு பகுதி ஓசோனையும் குறைக்கிறது. வெளியே விட்ட பின் திரும்பப் பெற வழியில்லாத இந்த வாயுவைக் குறைப்பதற்கு ஏற்ற இடம் வயல்தான். ஏற்ற நேரம் மேலுரம் இடும் நாள்தான்.

எனவே உழவர் பெருமக்கள் வரும் பட்டத்தில் உரமிடும் முன்பு மண் பரிசோதனை முடிவையும் இலை வண்ண அட்டையையும் ஒரு முறை பார்த்து, பயிருக்கு வேண்டிய அளவு மட்டும் தழைச்சத்து இடுமாறு கேட்டுக்கொள்கிறோம். மண் மாதிரி எடுக்கும் முறை, இலை வண்ண அட்டை கிடைக்கும் இடம், தங்கள் பகுதிக்கேற்ற உர அளவு ஆகியவற்றை அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்திலோ வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ கேட்டறிந்து பயன் பெறலாம்.